கல் நட்ட வயல்

(இரண்டாம் ஆண்டு, சிவில்)



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மாணவர் மன்றத்தில் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி எழுதவும், மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதவும் நம் காலேஜில் ஆள் நிறைய இருக்கிறார்கள். அதனால் யாரும் எழுத மாட்டார்கள் என்று தோன்றிய ஒன்றை எடுத்துக்கொண்டேன். மாநகராட்சித் தீர்மானம், பட்ஜெட், வீட்டு வரி, குடிநீர், வயலை மனையாக மாற்றுவது. தலைப்பைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரண்டு வருஷத்தில் நாமெல்லாம் வேலை பார்க்கப் போகிற இடம் இதுதான்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா கூலி விவசாயி. அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். தஞ்சாவூருக்குப் பக்கத்தில்தான் ஊர், டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், "தம்பி, இது என்னன்னு பாரு" என்று என்னிடம் கொண்டுவருவார்கள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பேங்க் கடிதம், வீட்டு வரி ரசீது எல்லாம் வரும். பத்தாவது படிக்கும்போதிருந்து எனக்கு இதுதான் பார்ட் டைம் வேலை. சம்பளம் ஒரு டீ. இப்படிப் படித்துப் படித்துத்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. எங்கள் தெருவில் நடக்கிற நல்லது கெட்டது பாதிக்கு மேல் எங்கேயோ ஒரு மன்றக் கூட்டத்தில், ஒரு பொருள் எண்ணாகத்தான் ஆரம்பிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் உத்திரமேரூர் கல்வெட்டு என்று ஐந்து மார்க் கேள்வி எழுதினோம். பராந்தக சோழன் காலம், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உள்ளாட்சி நமக்கு மனப்பாடம். ஆனால் நம்ம ஊர் மாநகராட்சி பட்ஜெட்டில் எத்தனை நிதி இருக்கிறது என்று கேட்டால் நாலு பேருக்குத் தெரியாது. எனக்கும் போன வருஷம்தான் தெரிந்தது. தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சிக் கணக்கில் மூன்று நிதிகள்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. சொத்து வரி, தொழில் வரி, காலியிட வரி, கடை வாடகை, குடிநீர்க் கட்டணம், அரசு மானியம் என்று வருகிற பணம் இவற்றில் பிரிந்துதான் செலவுக்குப் போகும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கோபப்படுகிறோம் அல்லவா, அந்தக் கோபத்தை எந்தக் கணக்கில் போய்க் கேட்பது என்று இது தெரிந்தால்தான் தெரியும்.

தஞ்சாவூர் நகராட்சியானது 1866-ல். மாநகராட்சியானது 2014-ல். நடுவில் 2016-லிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலரே கிடையாது. தேர்தல் நடக்காமல் அதிகாரிகளே நடத்தினார்கள். தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது 2016 செப்டம்பரில். பழைய பஸ் ஸ்டாண்டு, காமராஜ் மார்க்கெட் எல்லாம் இடித்துக் கட்டிய பெரிய பெரிய தீர்மானங்களில் பல, வார்டுக்கு ஓர் உறுப்பினர் இல்லாத அந்த வருஷங்களில் போடப்பட்டவை. கட்டடம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது வேறு. கேட்க ஆள் இல்லாத காலத்தில் முடிவானது என்பதைச் சொல்கிறேன்.

அதே திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை ஒன்றும் நடந்தது. அய்யன்குளத்தைத் தூர்வாரிச் சீர் செய்தபோது, சிவகங்கைக் குளத்திலிருந்து மண்ணுக்கு அடியில் தண்ணீர் வருகிற பழைய வழியையும் கண்டு சரிசெய்தார்கள். அந்தக் காலத்து ஆட்கள் இதற்கு ஜலசூத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும் என்ற ஒரே கணக்கு. நம்ம லெவலிங் பிராக்டிகலில் செய்கிறோமே, அதேதான். இந்த ஜலசூத்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

இப்போது எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில், மாநகராட்சிகளோடு பக்கத்து ஊராட்சிகளைச் சேர்ப்பது பற்றி அரசு அறிவித்ததும் டீக்கடையில் ஒரே பேச்சு. "சேந்தா நல்லதுதான்யா, தார் ரோடு வரும், லைட்டு வரும், பாதாளச் சாக்கடை வரும், கொள்ளிடத்துத் தண்ணி வரும்" என்று ஒரு கட்சி. "வரி எவ்வளவு வரும்னு கேட்டியா? நூறு நாள் வேலை போயிடும்ல?" என்று இன்னொரு கட்சி. இரண்டும் உண்மை. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம் கிராம ஊராட்சிக்குத்தான் இருந்தது, நகரத்துக்கு இருந்ததில்லை. அம்மா போன்றவர்களுக்கு அது விளையாட்டு இல்லை.

வரியைப் பற்றி என்னிடம்தான் கேட்டார்கள். 2022-ல் நடந்த சொத்து வரி சீராய்வை எடுத்துப் பார்த்தேன். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. மத்திய நிதிக்குழு மானியம் வாங்க வேண்டுமென்றால் சொத்து வரியைச் சரிசெய்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு ஒரு காரணம். எங்கள் தெருவில் 600 அடியைத் தாண்டுகிற வீடு ஒன்றுகூட இல்லை. "சின்ன வீட்டுக்குக் குறைச்சலாத்தான் ஏத்திருக்காங்க" என்று சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தை உடனே கேட்டார்: "வேலை இல்லாதவளுக்குக் கொறைச்சல் என்ன, கூடுதல் என்னடா?" பதில் சொல்ல முடியவில்லை.

வரியும் விளக்கும் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் ஊரை உண்மையில் மாற்றியது ஒரு வயல்.

ஊருக்குத் தெற்கே ஒன்றரை வேலி நன்செய். ஒரு வேலி என்றால் இருபது மா. ஏக்கரில் சொன்னால் மொத்தம் ஏறக்குறைய பத்து. அப்பா சின்ன வயசிலிருந்து ஏர் ஓட்டி, அண்டை வெட்டி, தண்ணீர் கட்டின வயல். அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நாற்று நட்ட வயல். சொந்தக்காரருக்கு வயசாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். உரம் விலை, ஆள் கிடைக்காதது, தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதது. மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்கள் என்று நம்பி நாற்று விட்டால், 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அப்புறம் குறுவை எங்கே செய்வது? "என்னால இனிமே முடியலப்பா" என்று அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் விற்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

வயலை மனையாக்க முதலில் நிலப்பயன்பாட்டை மாற்ற வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் விவசாயம் என்று வரைபடத்தில் நிறம் பிரித்திருப்பார்கள். அந்த நிறத்தை மாற்ற அரசின் ஒப்புதல் வேண்டும். திட்டம் இல்லாத பகுதியில் விவசாய நிலத்தை மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். நன்செய் என்றால் கலெக்டரையும் கேட்க வேண்டும். முன்னெல்லாம் இவை எதுவும் இல்லாமலே கல்லை நட்டு விற்றுவிடுவார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்ட பிறகுதான் ஒழுங்கு வந்தது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. இப்போது விளம்பரப் பலகையில் எல்லாம் "டி.டி.சி.பி. அப்ரூவ்டு" என்று பெரிதாகப் போடுவது அதனால்தான்.

எங்கள் ஊர் வயலுக்கும் எல்லா ஒப்புதலும் முறையாக வந்தது. போன வருஷம் மே லீவில் சர்வே டீமுக்கு உள்ளூரில் ஒரு பையன் வேண்டுமென்றார்கள். நான் போனேன். பிரிசம் பிடிப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, கல் ஊன்றுவது. நாளைக்கு அறுநூறு ரூபாய். பன்னிரண்டு நாள், ஏழாயிரத்து இருநூறு. டோட்டல் ஸ்டேஷனை லேபில் எட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்த எனக்கு, சர்வேயர் அண்ணன் தனியாகவே கற்றுக்கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் செமஸ்டர் ஃபீஸ் கட்டினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மா மட்டும் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாங்க நாத்து நட்ட எடத்துல எம்புள்ள கல்லு நடுறான்." அது பெருமையா வருத்தமா என்று அவர் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் துண்டை உதறிக்கொண்டே, "வயலு நமக்காடா இருந்துச்சு? கூலிதானே நம்மது. நீ படிச்ச வேலையப் பாரு" என்றார்.

கூலிதானே நம்மது. இந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிற அ-பதிவேட்டில் சர்வே எண், நன்செய்யா புன்செய்யா, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நிலத்தில் வேலை செய்த கூலியாளுக்குக் கட்டம் இல்லை. ஆகவே நிலத்தின் வகை மாறும்போது அவர்களைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நம்ம பாணியில் ஒரு எஸ்டிமேட் போட்டுப் பார்த்தேன். அம்மா கணக்குப்படி ஒரு மா நடவுக்கு ஐந்து ஆள். முப்பது மாவுக்கு நூற்றைம்பது ஆள். களைக்குத் தனி. அறுப்புக்கு மெஷின் வந்து பல வருஷமாயிற்று, அதைச் சேர்க்கவில்லை. ஒரு போகத்துக்கு நடவு மட்டும் நூற்றைம்பது நாள் கூலி எங்கள் தெருவிலிருந்து போய்விட்டது. எந்தக் கோப்பிலும் இந்த எண் இல்லை.

ஒரு காலத்தில் இப்படி இல்லை என்று நூலகத்தில் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. 1952-ல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது, கூலி இவ்வளவு என்று சட்டம் போட்டுச் சொன்னார்கள். சும்மா வரவில்லை, விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் போராடி வந்தது. அதற்குப் பிறகு பண்ணையாள் முறை மறைந்து எல்லாரும் அன்றாடக் கூலி ஆனார்கள். அதோடு கட்டமும் போயிற்று. 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நமக்குத் தெரியும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் அதில் வருகிறது. மீத்தேன், ஷேல் கேஸ், உருக்காலை, தாமிர உருக்கு, தோல் பதனிடும் ஆலை இவை புதிதாக வரக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. டெல்டா பெரிய ஆலைக்குத் தப்பும், சின்னச் சின்ன மனைக்குத் தப்பாது.

அதற்காக மனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறது. வீடு வேண்டாமா? கட்டட வேலை நடந்தால்தானே நமக்கும் வேலை? சிவில் படித்துவிட்டு வீடு கட்டாதே என்று சொல்ல முடியுமா? என் பேச்சு அது இல்லை. கோப்பில் கட்டம் இல்லாதது கூலியாளுக்கு மட்டுமில்லை, தண்ணீருக்கும் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

டெல்டா வயலில் பாசன வாய்க்கால் ஒரு பக்கம், வடிகால் ஒரு பக்கம். நடுவில் வயலுக்கு வயல் மடை வைத்துத் தண்ணீர் பாயும். தரை ஏறக்குறைய தட்டு மாதிரி சமம். ஓர் அடி ஏற்ற இறக்கம்தான் ஊரையே காப்பாற்றுகிறது. அந்த ஒன்றரை வேலியை மூன்றடி மண் போட்டு உயர்த்தினார்கள். நடுவில் ஆறடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு வடிகால். புலப்படத்தில் அது புறம்போக்காக இருக்கிறது, அதை யாரும் விற்கவில்லை. ஆனால் மனைக்குப் போகிற ரோடு அதைத் தாண்ட வேண்டும். ஒன்றரை அடி விட்டத்தில் ஒரு குழாயைப் போட்டு மேலே ரோடு போட்டார்கள். நம்ம ஹைட்ராலிக்ஸ் கணக்குப் போடுங்கள். வடிகாலின் குறுக்குப் பரப்பு 12 சதுர அடி. குழாயின் பரப்பு 1.77. ஏழில் ஒரு பங்கு வழியில் மொத்தத் தண்ணீரும் போக வேண்டும். ஐப்பசி மழையில் போகவில்லை. பின்னால் இருந்த சம்பா மூழ்கியது. எங்கள் தெருவில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர்.

அந்த வடிகால் மழைக்கு எவ்வளவு நிரம்பும் என்று அப்பாவுக்குத் தெரியும். லஸ்கருக்குத் தெரியும். நாற்று நட்ட பெண்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. டிராயிங்கில் ரோடு அகலம் சரி. பூங்காவுக்கு ஒதுக்க வேண்டிய பத்து சதவீதம் சரி. கையெழுத்து சரி. தண்ணீர் மட்டும் தப்பு. பழைய ஆட்கள் ஜலசூத்திரத்தில் புரிந்துகொண்டதை நாம் அங்கீகாரம் வாங்கிய காகிதத்தில் விட்டுவிட்டோம்.

என்ன செய்யலாம்? எனக்கு இந்த வருஷம் பதினெட்டு முடிந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. கிராம ஊராட்சியில் வாக்காளராக இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர் என்பது சட்டம். யாரும் நியமிக்க வேண்டாம். வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் நகரத்தோடு சேர்ந்துவிட்டால் கிராம சபை போய், 2022-ல் கொண்டுவந்த வார்டு கமிட்டியும் பகுதி சபையும் வரும். எதுவாக இருந்தாலும் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் நேரம் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அறிவிப்பு பேப்பரில் வரும். எங்கள் தெருவில் பேப்பர் வாங்குகிற வீடு கிடையாது. நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நான் போனேன். புலப்பட நகல், என் கணக்கு, இரண்டு போட்டோ. எழுந்து நின்றபோது கால் நடுங்கியது. வைவாவில்கூட அப்படி நடுங்கியதில்லை. வடிகாலை அளந்து எல்லைக் கல் நட வேண்டும், குழாயை எடுத்துவிட்டு வடிகாலின் முழு அகலத்துக்குச் சிறுபாலம் கட்ட வேண்டும் என்று சொன்னேன். நடவுக்குப் போகிற அத்தைகள் நாலு பேர், எந்த வருஷம் தண்ணீர் எதுவரை நின்றது என்று வரிசையாகச் சொன்னார்கள். என் கணக்கைவிட அவர்கள் சொன்னதைத்தான் எல்லாரும் கவனித்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் கையெழுத்தும், மற்றவர்கள் கைநாட்டும் வைத்தார்கள். அப்பா வீட்டுக்கு வரும் வழியில், "என்னடா எழுதுனாங்க?" என்று கேட்டார். "வடிகாலுக்குக் கல் நடணும்னு எழுதிருக்காங்கப்பா" என்றேன். "அதுக்கும் நீயே போ. கூலி இல்லாட்டியும் போ" என்றார். அளப்பதற்கு மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் அளக்கவில்லை. மறுபடி மழை வருவதற்குள் அளந்தாக வேண்டும். அடுத்த சபைக்கும் போவேன்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறோம். நாளைக்கு நம்மில் ஒருவர் லே-அவுட் வரைவார், ஒருவர் மாநகராட்சியில் எஸ்டிமேட் போடுவார், ஒருவர் கான்ட்ராக்டரிடம் குழாய் பதிப்பார். மன்றத்தில் கை தூக்குகிறவர்கள் வேறு யாராவது இருக்கலாம். அவர்கள் முன்னால் வைக்கிற காகிதம் நம் கையால் எழுதியதாக இருக்கும். அந்தக் காகிதத்தில் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் குறிப்பாவது எழுதலாம். அதற்கு ஒரு தடவை சைட்டுக்குப் போய், அந்த வயலில் வேலை செய்தவரிடம் "அண்ணே, மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்?" என்று கேட்டால் போதும்.

டிராயிங் ஷீட்டில் வடக்குக் குறி போடாவிட்டால் சார் மார்க்கைக் குறைப்பார். அந்தக் குறிக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓர் அம்புக்குறியும் போட்டுப் பழகுவோம். அதற்கு மார்க் கிடைக்காது. ஆனாலும் போடுவோம்.